“தவறு என்னுடையதே” என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இனி இழப்பீடு கேட்க முடியுமா?

கட்டட வேலையில் மின்சாரம் தாக்கி வலது கை பாதிக்கப்பட்ட ஒருவரின் மனைவி எழுதிய கடிதம் இது. ஆறு பக்கம். ஊர், பெயர் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

கணவர் கம்பி கட்டும் வேலை செய்பவர். விபத்து நடந்தபோது வயது 34. சொந்த ஊர்க்காரரும் சித்தப்பா முறை வருபவருமான ஒரு மேஸ்திரியிடம் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறார். நாள் கூலி 950 ரூபாய். சனிக்கிழமை தோறும் கையில் ரொக்கம், சில வாரம் ஜிபே. 2024 நவம்பரில், நகரத்தில் ஒரு பில்டர் கட்டிய அடுக்குமாடியின் முதல் தளத்தில் நின்று, கீழிருந்து வந்த 40 அடி கம்பியை மேலே இழுத்திருக்கிறார். கம்பியின் நுனி திரும்பி, பக்கத்தில் போன 11,000 வோல்ட் லைனில் பட்டுவிட்டது. வலது கையும் வலப்பக்கக் கழுத்தும் கருகின. இடது பாதத்தில் மின்சாரம் வெளியேறிய இடத்தில் ஓட்டை. மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. “டம்ளரைப் பிடித்தாலும் நழுவுகிறது, கட்டுக்கம்பியை எப்படி முறுக்குவார்?” என்று எழுதியிருக்கிறார்.

தனியார் மருத்துவமனையில் சேர்க்கும்போது மேஸ்திரி, “வீட்டில் மோட்டார் போடும்போது ஷாக் அடித்தது” என்று பதியச் சொல்லியிருக்கிறார். பில்டர் ஆஸ்பத்திரி பில் 1,40,000 ரூபாயைக் கட்டிவிட்டு, பிறகு 50,000 ரூபாய் கொடுத்து 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். “என் கவனக்குறைவால் நடந்தது, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்” என்று அதில் இருக்கிறது. போலீஸில் எஃப்.ஐ.ஆர். இல்லை. குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது. கணவர் இப்போது ஒரு குடோனில் இரவுக் காவலர், சம்பளம் 9,000. ஆஸ்பத்திரியில் அறிமுகமான ஒருவர், வருகிற தொகையில் 30 சதவீதம் கொடுத்தால் கேஸ் போட்டுத் தருகிறேன் என்கிறாராம். “கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பது நியாயமா, சித்தப்பா ஜெயிலுக்குப் போய்விடுவாரா?” என்பவை அவருடைய கடைசிக் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கதவு இன்னும் மூடவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு அது 2026 நவம்பரில் முடிகிறது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க, மனுவை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையருக்கு (தொழிலாளர் துறை அதிகாரி) அதிகாரம் உண்டு. அதை நம்பி உட்காராதீர்கள்.

கடிதம் முழுக்க நீங்கள் ஒரே விஷயத்துக்குத்தான் விளக்கம் தருகிறீர்கள்: அவர் லைனைப் பார்க்கவில்லை, சைட் இன்ஜினியர் “லைன் இருக்கு, பார்த்துத் தூக்குங்க” என்று காலையிலேயே சொன்னார், அதனால் தவறு நம் பக்கம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923 இந்தக் கேள்வியையே கேட்பதில்லை. வேலை காரணமாக, வேலை நேரத்தில் நடந்த விபத்தா என்று மட்டுமே பார்க்கும். கவனக்குறைவு அதற்குத் தடை அல்ல. குடிபோதை, பாதுகாப்புக்காகத் தெளிவாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுவது ஆகிய மூன்றையும்தான் முதலாளி எதிர்வாதமாக வைக்கலாம். உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவையும் செல்லாது. “பார்த்துத் தூக்குங்க” என்பது “தூக்காதே” ஆகாது. உண்மையில் அந்த வார்த்தை உங்களுக்குச் சாதகம்: லைன் அங்கே இருப்பது சைட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 11,000 வோல்ட் லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர், செங்குத்தாக 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. அந்த அளவு சரியாகவே இருந்திருந்தாலும், 12 மீட்டர் நீளக் கம்பியை அதன் பக்கத்தில் கையால் சுழற்ற வைத்தவர்கள் லைனை அணைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

அந்த முத்திரைத்தாள்

சட்டத்தின் 17வது பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது. முத்திரைத்தாளின் மதிப்பு 20 ரூபாயா, 500 ரூபாயா என்பது இதில் கணக்கே இல்லை. பேசி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது, மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியது என்று தெரிந்தால் அவர் பதிவு செய்ய மறுப்பார். பதிவுக்கே அனுப்பாத முதலாளி முழு இழப்பீட்டையும் தர வேண்டும். ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல், ஆணையர் வேறு விதமாகச் சொன்னாலன்றி, கழித்துக்கொள்ளவும் முடியாது. ஆக உங்கள் 50,000 ரூபாயில் 25,000 கழியலாம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பில் தனி. வேலையில் பட்ட காயத்தின் மருத்துவச் செலவை ஏற்பது முதலாளியின் கடமை, அதை இழப்பீட்டுக் கணக்கில் எழுத இடமில்லை.

50,000 வாங்கியதை மறைக்காதீர்கள். மனுவின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் நீங்கள் சொன்ன மற்றவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

பில்டரா, மேஸ்திரியா?

கூலி கொடுத்தது மேஸ்திரி என்பதால் அவர்தான் பொறுப்பு என்று நினைக்கிறீர்கள். கட்டடம் கட்டி விற்பது பில்டரின் தொழில். அந்தத் தொழிலின் ஒரு பகுதியை மேஸ்திரி மூலம் செய்வித்தால், தன் நேரடித் தொழிலாளிக்குத் தர வேண்டிய அதே இழப்பீட்டை மேஸ்திரியின் ஆளுக்கும் பில்டர் தர வேண்டும் என்பது 12வது பிரிவு. (சொந்த வீடு கட்டுகிற ஒரு குடும்பத்தின் மீது இந்தப் பிரிவு இவ்வளவு எளிதாகப் பாயாது. வீடு கட்டுவது அவர்களுடைய தொழில் அல்ல. இதே நிலைமையில் இருக்கும் வேறு வாசகர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவும்.)

மனுவில் இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்க வேண்டியிருக்கும். இதில் உங்களுக்கு உவப்பில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்: பில்டர் பணம் கட்டிய பிறகு, ஒப்பந்ததாரரான மேஸ்திரியிடமிருந்து அதை வசூலிக்கச் சட்டம் அவருக்கு உரிமை தருகிறது. ஆகவே “சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாது” என்று நான் எழுதித் தர முடியாது. ஆனால் இது இழப்பீட்டு மனு, குற்ற வழக்கு அல்ல. இதில் யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. பில்டர் அந்த சைட்டுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால் பணம் கட்டப்போவது காப்பீட்டு நிறுவனம். ஓரளவு பெரிய பில்டர்கள், அதுவும் வங்கிக் கடனில் கட்டுபவர்கள், பெரும்பாலும் எடுத்திருப்பார்கள். பாலிசி இருப்பது தெரிந்தால் அந்த நிறுவனத்தையும் சேருங்கள். நோட்டீஸ் போகுமுன் உங்கள் கணவர் மேஸ்திரியை வீட்டுக்கே போய்ப் பார்த்துப் பேசட்டும். “சித்தப்பா, உங்க பணத்தைக் கேட்கல. நான் உங்ககிட்ட, அந்த சைட்ல வேலை பார்த்தேன்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க” என்று கேட்டால் போதும். அவர் சாட்சி சொன்னால் வழக்கில் பாதி முடிந்துவிடும். சொல்லாவிட்டாலும் வழக்கு நிற்கும்.

வேலையிடத்தில் நடந்தது என்று எப்படிக் காட்டுவது?

உங்கள் வழக்கின் உண்மையான பலவீனம் மருத்துவமனைப் பதிவுதான். எஃப்.ஐ.ஆர். இல்லாததைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இருந்தால் நல்லது, இல்லாததால் மனு தள்ளுபடியாகாது. “வீட்டில் மோட்டார்” என்ற அந்த வரிதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் ஆயுதமாக இருக்கும்.

அதை உடைக்க மின்வாரியத்திடமே சான்று இருக்க வாய்ப்பு அதிகம். 11,000 வோல்ட் லைனில் கம்பி பட்டால் துணைமின் நிலையத்தில் அந்த ஃபீடர் (அந்தப் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ட்ரிப் ஆகும், அதாவது தானாக அணைந்துவிடும். எந்த ஃபீடர், எத்தனை மணிக்கு ட்ரிப் ஆனது, எப்போது திரும்பப் போட்டார்கள் என்று பணியில் இருப்பவர் பதிவேட்டில் எழுதுவார். விபத்து நாளன்று, நீங்கள் சொல்லும் காலை நேரத்தில், அந்தத் தெருவுக்குப் போகும் ஃபீடர் ட்ரிப் ஆகியிருந்தால், வீட்டு மோட்டார் கதை அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். வீட்டு இணைப்பில் ஷாக் அடித்தால் வீட்டு ஃப்யூஸ் போகலாம், 11,000 வோல்ட் ஃபீடர் விழாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அந்தப் பக்கத்தின் நகலைக் கேளுங்கள். மின் விபத்தில் ஒருவருக்குக் காயம் என்றால் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மின்சாரச் சட்டம், 2003 சொல்வது. அப்படித் தகவல் போனதா, விசாரணை அறிக்கை இருக்கிறதா என்று அவருடைய அலுவலகத்துக்கும் ஒரு மனு.

காயமே ஒரு சாட்சி. 230 வோல்ட் வீட்டு இணைப்பில் அடிபடுவதும், உயர் அழுத்தத்தில் கை கருகிப் பாதம் வழியே மின்சாரம் வெளியேறுவதும் ஒன்றல்ல என்பதை அறுவை சிகிச்சை நிபுணர் பார்த்தவுடன் சொல்வார். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் முழு கேஸ் ஷீட்டையும் எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நர்ஸ் குறிப்புகளில், “சைட்டில் கம்பி தூக்கும்போது” என்று மயக்கம் தெளிந்தபின் நோயாளி சொன்னதை யாராவது எழுதியிருப்பதை நான் ஒன்றிரண்டு வழக்குகளில் பார்த்திருக்கிறேன். ஜிபே வரவுகள், அன்றைய செல்போன் படங்கள், கூட வேலை பார்த்தவர்களின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் வேறொரு போனிலும் சேமித்து வையுங்கள். பில்டர் மருத்துவமனை பில்லைக் கட்டிய வங்கிப் பரிமாற்றம் இன்னும் பெரிய சான்று. வீட்டில் மோட்டார் போட்டவருக்கு ஒரு பில்டர் எதற்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டினார்? உங்களைப் பயமுறுத்தும் அந்த முத்திரைத்தாளும் இதே வேலையைச் செய்யும். பில்டர் கேட்டு வாங்கிய தாள் அது. நகல் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

நாள் கூலி 950 என்று நிரூபிக்க ரசீது இல்லையே என்ற கவலை வேண்டாம். இந்தச் சட்டத்தில் மாத ஊதியத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. 950 ரூபாயை 26 நாளுக்குப் பெருக்கினால் 24,700, ஆனால் கணக்கில் வருவது 15,000தான். நாளுக்கு 600 ரூபாய், மாதம் 25 நாள் என்று காட்டினாலே வரம்பைத் தொட்டுவிடலாம். இந்த வரம்பு தொழிலாளிக்கு அநியாயம் என்பது என் கருத்து. நிரூபிக்கிற சுமை குறைவது மட்டுமே அதில் உள்ள ஆறுதல்.

நிரந்தர முழு ஊனத்துக்கு மாத ஊதியத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 34 வயதுக்குக் காரணி 199.40. ஆக 9,000 ரூபாயை அதனால் பெருக்க, 17,94,600 ரூபாய். பகுதி ஊனம் என்றால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அத்தனை சதவீதம். சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் இரண்டு விரல் இழப்புக்கு 20 சதவீதம், அதாவது 3,58,920. எதிர்த்தரப்பு இந்த எண்ணில்தான் உங்களை நிறுத்தப் பார்க்கும்.

அங்கே நிற்க வேண்டியதில்லை. உங்கள் கணவருடைய இழப்பு இரண்டு விரலோடு முடியவில்லை. மீதி விரல்களின் நரம்பும் தசையும் போய்ப் பிடிப்பே இல்லாத கை அது. ஓர் உறுப்பின் பயன்பாடு முழுமையாக, நிரந்தரமாகப் போனால், அந்த உறுப்பையே இழந்ததற்குச் சமம் என்று அட்டவணையின் குறிப்பு சொல்கிறது. ஒரு கையை இழப்பதற்கு 60 சதவீதம், உங்கள் கணக்கில் 10,76,760. பயன்பாடு முழுமையாகப் போகவில்லை என்று மருத்துவர் கருதினால், அட்டவணையில் இல்லாத காயமாக எடுத்துக்கொண்டு சம்பாதிக்கும் திறன் இழப்பை அவர் மதிப்பிட வேண்டும்.

கம்பி கட்டுபவருக்குக் கை போனால் எல்லாம் போன மாதிரிதானே, முழுத் தொகையும் கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று சொல்லி 100 சதவீத இழப்பை உச்ச நீதிமன்றம் 1975இல் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீல் கட்டாயம் காட்ட வேண்டும். ஆனாலும் 17.94 லட்சத்தை மனதில் வைத்துக் கடன் வாங்காதீர்கள். அவர் இப்போது காவலர் வேலைக்குப் போவதை எதிர்த்தரப்பு நிச்சயம் எடுத்து வைக்கும். அதை ஒளிக்கவும் வேண்டாம், அதற்காக வேலையை விடவும் வேண்டாம். மாதம் இருபதாயிரத்துக்கு மேல் சம்பாதித்தவர் 9,000 ரூபாய்க்கு இரவு முழுக்க விழித்திருக்கிறார் என்பதே இழப்பின் அளவு. என் மதிப்பீட்டில் 60 சதவீதத்தை ஒட்டி முடிந்தால் அது நல்ல முடிவு. இதன்மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. நியாயமான காரணமின்றி இழுத்தடித்திருந்தால் இழப்பீட்டில் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அந்த அபராதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது, முதலாளிதான் கட்ட வேண்டும்.

ஊனச் சான்றிதழ் வாங்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளி அட்டையில் வரும் சதவீதம் உடல் ஊனத்தின் அளவு. இங்கே வேண்டியது சம்பாதிக்கும் திறன் இழப்பு. மருத்துவரிடம் “கம்பி கட்டும் வேலை” என்றால் என்ன என்று விளக்குங்கள்: கொறடு பிடித்து நாள் முழுக்கக் கட்டுக்கம்பி முறுக்குவது, கம்பியைத் தோளில் தூக்குவது, சாரத்தில் ஒரு கையால் பிடித்து நிற்பது. விளக்காவிட்டால் “பிடிப்பு குறைவு, 30 சதவீதம்” என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள்.

நீங்கள் தற்செயலாக எழுதிய ஒரு வரி

ஐந்தாம் பக்கத்தில், “இப்போது வலது கண் மங்குகிறது என்கிறார், அது வயசுக் கோளாறாக இருக்கும்” என்று எழுதிக் கடந்துவிட்டீர்கள். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது. நான் மருத்துவர் அல்ல. ஆனால் தலை, கழுத்துப் பக்கம் உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தவர்களுக்கு மாதங்கள் கழித்து, சில சமயம் வருடங்கள் கழித்தும் கண்புரை வரும் என்பது மருத்துவ நூல்களில் உள்ள விஷயம். ஊனச் சான்றிதழுக்கு முன் அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டுங்கள். “மின் விபத்தின் விளைவாக இருக்கலாமா” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அறுவை சிகிச்சையால் சரியாகிவிடும் என்றால், அந்தச் செலவைக் கோரிக்கையில் சேர்க்கலாம். சரியாகாது என்றால் சதவீதமே மாறும். இரவில் தூக்கம் வராமல் திடுக்கிட்டு எழுகிறார், ஸ்விட்ச் போடப் பயப்படுகிறார் என்கிறீர்கள். அதையும் மருத்துவரிடம் சொல்லிப் பதிய வையுங்கள்.

எங்கே, யார் மூலம்?

நகரத்துக்கு அலைய வேண்டாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் பகுதிக்கான இழப்பீட்டு ஆணையரிடமே மனு கொடுக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துவிட்டது. உங்கள் விபத்து அதற்கு முன்னால் நடந்ததால், விபத்து நாளில் இருந்த சட்டப்படியே உங்கள் உரிமை. மனுவில் இரண்டின் பெயரையும் குறிப்பிடச் சொல்லுங்கள். சட்டப் பெயரைக் காட்டி மனுவைத் திருப்பி அனுப்ப யாருக்கும் இடம் தரக்கூடாது.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தால் வழியே வேறு: அங்கேதான் ஊனப் பலன் கேட்க வேண்டும், இந்த மனு செல்லாது. ரொக்கக் கூலிக்காரருக்கு யாரும் பதிந்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் அவர் உறுப்பினர் என்றால் விபத்து உதவிக்குத் தனியாக விண்ணப்பியுங்கள். அது இழப்பீட்டுக்கு மாற்று அல்ல.

மின்வாரியத்தின் மீதும் சிவில் வழக்கு போடலாமே என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மின்சாரம் வழங்குபவருக்குத் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மை. சிவில் வழக்கில் 15,000 ரூபாய் வரம்பும் இல்லை. ஆனால் முதலாளி மீதோ வேறு யார் மீதோ சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு போட்டால் இந்த இழப்பீட்டு உரிமை போய்விடும். ஆணையரிடம் மனு கொடுத்தால் சிவில் வழக்கு போட முடியாது. ஏதாவது ஒன்றுதான். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் இல்லாத உங்கள் நிலையில், தவறை நிரூபிக்கத் தேவையில்லாத ஆணையர் வழியே சரி என்பேன். இதில் இன்னொரு வசதி: முதலாளி உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் முதலில் இழப்பீட்டுத் தொகையை ஆணையரிடம் கட்ட வேண்டும்.

30 சதவீதம் கேட்பவரை விட்டு விலகுங்கள். வழக்கில் வரும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கே தடை, இடைத்தரகருக்குக் கேட்கவே வேண்டாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வேலை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நோட்டீஸ் கிடைத்ததும் பில்டர் தரப்பிலிருந்து யாராவது வீட்டுக்கு வருவார்கள். இன்னும் ஒரு லட்சம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். “ஆணையர் அலுவலகத்துக்கு வந்து, அவர் முன்னால் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள். துணைமின் நிலையப் பதிவேட்டுக்கான மனுவை மட்டும் வக்கீல் கிடைக்கும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பழைய பதிவேடுகளை அழிக்கும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு.